சுவரில் நிழற்பாய் பொருத்தும் சேவை: சுங்கை சிப்புட்டில் ஓர் இரும்புக்கடை

பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் கடைவீதியில் உள்ள ஓர் இரும்புக்கடை, சில காலமாக, வெயிலை மறைக்க வாசலுக்கு மேலே இழுத்துக் கட்டும் துணியான நிழற்பாயை விற்பதோடு நில்லாமல், அதை வீட்டுச் சுவரில் பொருத்தியும் கொடுத்து வருகிறது. மேற்குப் பார்த்த எங்கள் வரிசை வீட்டின் முன்வாசலுக்கு அவர்களிடமே நான்கு மீட்டருக்கு மூன்று மீட்டர் அளவில் ஒரு பாய் வாங்கிக் கட்டச் செய்தேன். கொடுத்த பணத்தில் பெரும்பங்கு துணிக்குப் போகவில்லை; சுவரில் உள்ள இரண்டு பிடிகளுக்கும் வாசலோரத்து இரண்டு இரும்புக் கம்பங்களுக்கும் போயிற்று. அந்தச் செலவு தகுமா என்றால், தகும் என்பதே என் முடிவு. ஆயினும் அவர்கள் திருத்திக்கொள்ள வேண்டியவை சில உள்ளன, அவற்றையும் எழுதுகிறேன்.

ரப்பரும் பிறகு செம்பனையும் நின்ற நிலத்தில் எழுந்த தாமான் (வீடமைப்புக் குடியிருப்பு) எங்களுடையது. மரம் போன இடத்தில் நிழலும் போய்விட்டதால், பிற்பகல் இரண்டு மணியிலிருந்து மாலை ஏழு வரை முன்சுவர் வெயிலைக் குடித்து, இரவெல்லாம் அந்தச் சூட்டைக் கூடத்துக்குள் விடுகிறது. தகரக் கூரை இறக்கினால் செலவும் அதிகம், கூரைக்கு அடியில் தேங்கும் வெப்பமும் அதிகம். பின்னல் துணியால் ஆன நிழற்பாய் காற்றை ஊடே விடுவதால் அடியில் புழுக்கம் இல்லை. அதனால்தான் சுற்றுவட்டாரத்தில் வீட்டுக்கு வீடு இப்போது முக்கோணமும் சதுரமுமாகப் பாய்கள் தொங்குகின்றன. அவற்றில் பல எதைப் பிடித்துக்கொண்டு தொங்குகின்றன என்று அண்ணாந்து பார்த்தால் கவலையாக இருக்கிறது.

இணையச் சந்தையில் விற்கும் மலிவான பொட்டலத்தில் பாயோடு நான்கு கொக்கிகளும், கயிறும், சுவர்த் துளையில் செருகும், சிறுவிரல் நீளத்தில் சில ஞெகிழிப் பிளக்குகளும் வருகின்றன. படச் சட்டத்துக்கும் குளியலறைக் கண்ணாடிக்கும் ஏற்ற அந்தப் பிளக்குகளை நம்பி ஒரு பாயைக் கட்டுவது அபாயமான செயல். எங்கள் வரிசையிலேயே ஒரு வீட்டில் அப்படிப் பொருத்திய கொக்கி, மாலை மழைக்கு முன் அடித்த காற்றில் சுவர்ப் பூச்சோடு பிடுங்கிக்கொண்டு வந்து, நின்றிருந்த காரின் பின்கண்ணாடியை நொறுக்கியது. மூன்று மூலை கட்டுண்டு ஒரு மூலை அவிழ்ந்த பாயின் நுனியில் இரும்புத் துண்டு ஒன்று ஆடும்போது, அதன் வீச்சுக்குள் ஒரு குழந்தை நின்றிருந்தால் என்ன ஆகும் என்பதை நினைக்கவே அச்சமாக இருக்கிறது.

காற்றின் வலு எவ்வளவு என்பதற்கு ஒரு சுருக்கமான கணக்கு போதும். மணிக்கு 72 கிலோமீட்டர், அதாவது விநாடிக்கு 20 மீட்டர் வேகத்தில் வீசும் காற்று, எதிர்ப்படும் பரப்பின் ஒவ்வொரு சதுர மீட்டரையும் ஏறத்தாழ 25 கிலோ எடைக்குச் சமமான விசையோடு தள்ளுகிறது. பன்னிரண்டு சதுர மீட்டர் பாயில் அது 300 கிலோ. நான்கு மூலைக்கும் சமமாகப் பங்கிட்டால் தலைக்கு 75 கிலோ என்று தோன்றும். ஆனால் பாய் இறுக்கமாக, ஏறக்குறையத் தட்டையாக இழுத்துக் கட்டப்பட்டிருக்கிறது. துணி காயப்போடும் கொடியை இறுக்கிக் கட்டக் கட்ட, அதே ஈரத்துணிக்கு இருபுறத்து ஆணிகளும் கூடுதலாக இழுபடுவதைப் போலத்தான் இதுவும். மூலை பாயின் தளத்திலிருந்து 15 பாகை அளவுக்கே வளைந்து இழுபடும்போது, அந்த 75 கிலோ நான்கு மடங்காகி 290 கிலோவை நெருங்குகிறது. துணியின் கண்கள் வழியே கொஞ்சம் காற்று கடந்து போகும் என்பது உண்மைதான். அதை நம்பிப் பிடியைச் சிறிதாக்கக் கூடாது. காற்றின் வேகம் இரட்டித்தால் விசை நான்கு மடங்காகும் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். மலேசியத் தர நிர்ணயமான எம்எஸ் 1553:2002, தீபகற்பத்தில் கட்டடங்களை வடிவமைக்க விநாடிக்கு 33.5 மீட்டர், 32.5 மீட்டர் என இரண்டு அடிப்படைக் காற்று வேகங்களைக் கொடுக்கிறது. அந்த வேகத்தில் அதே மூலை 800 கிலோவை எட்டும்.

புயல் வருமுன் கழற்றிவிடலாமே என்று சொல்பவர்கள் உண்டு. பகலில் சரி. மலாக்கா நீரிணையைக் கடந்து வரும் சுமத்ராக் காற்று, ஏப்ரல் முதல் நவம்பர் வரையிலான மாதங்களில் பெரும்பாலும் விடியலுக்கு முன்தான் அடிக்கிறது. வீடே உறங்கும் அந்த நேரத்தில் யாரும் ஏணி வைத்து ஏறப்போவதில்லை. ஆகவே, கழற்ற மறந்த இரவையும் தாங்கும் பிடிதான் வேண்டும்.

இப்போது கடையின் வேலைக்கு வருகிறேன். முதலில் ஆள் வந்து சுவரைப் பார்த்தார். அளவு எடுக்குமுன் விலை சொல்லவில்லை. நம் ஊர் வரிசை வீடுகளில் வீட்டின் பாரத்தைக் கம்பி கட்டிய கான்கிரீட் தூண்களும் உத்திரங்களும் சுமக்கின்றன. அவற்றுக்கு இடையே எழுப்பிய செங்கல் சுவர், நாலரை அங்குலக் கனத்தில், இடத்தை மறைக்க மட்டுமே நிற்கிறது. இரு புறமும் பூசிச் சாயம் அடித்துவிட்டால் தூண் எது, செங்கல் எது என்று கண்ணுக்குத் தெரியாது. அவர் சுத்தியலின் பிடியால் தட்டிப் பார்த்தார். பிறகு நான் காட்டிய இடத்தில் துளைக்கருவியின் மெல்லிய அலகால் ஒரு சிறு துளை இட்டு, உதிர்ந்த தூளை உள்ளங்கையில் ஏந்திக் காட்டினார். செந்தூள். "அண்ணே, இது வெறும் செங்கல். இதுல போட்டுத் தர மாட்டோம். நாலு விரக்கடை அந்தப் பக்கம் தூண் இருக்கு, அங்கதான் போடணும்" என்றார்.

சொன்னபடியே நகர்ந்து இட்ட துளையில் சாம்பல் நிறத் தூள் வந்தது. நிறத்தை மட்டும் நம்பினால் போதாது என்பதையும் அவரே விளக்கினார்: சிமெண்டு மணல் கற்களால் கட்டிய சுவரிலும் சாம்பல் தூள்தான் வரும், ஆனால் அங்கே அலகு வழுக்கிக்கொண்டு உள்ளே இறங்கும், கான்கிரீட்டில் ஜல்லி தடுத்துத் தடுத்து அலகு முனகும். வாடிக்கையாளர் காட்டிய இடத்தில் ஓட்டை போட்டுப் பணம் வாங்கிக்கொண்டு போவது எளிது. முடியாது என்று சொல்லிப் பாயின் வடிவத்தையே தூணுக்கு ஏற்ப மாற்றிய அந்த ஒன்றுக்காகவே இந்தக் கடையைப் பரிந்துரைப்பேன்.

தூண் கிடைத்ததோடு பிரச்சினை தீர்வதில்லை. எங்கள் தூணின் முன்முகம் 150 மில்லிமீட்டர் அகலமே. கடைகளில் பரவலாகக் கிடைக்கும் ராவல் போல்ட் வகை, முடுக்க முடுக்க உள்ளே விரிந்து துளையின் பக்கங்களை நெருக்கிப் பிடிக்கிறது. விளிம்புக்கு அருகே அதைப் போட்டால், அந்த நெருக்கலே கான்கிரீட்டின் ஓரத்தைப் பிளந்துவிடும். நான்கு மூலையிலும் துளையுள்ள சதுரத் தகட்டை இந்தத் தூணில் வைத்தால், ஒவ்வொரு போல்ட்டும் விளிம்பிலிருந்து இரண்டு விரல் தூரத்தில் வந்து நிற்கும். ஆகவே அவர்கள் இரண்டே துளை உள்ள நீளத் தகட்டைத் தேர்ந்து, துளைகளைத் தூணின் நடுக்கோட்டில் மேலும் கீழுமாக ஒரு சாண் இடைவெளியில் அமைத்து, விரியும் போல்ட்டுக்குப் பதில் கெமிக்கல் ஆங்கர் போட்டார்கள். துளைக்குள் பசையைச் செலுத்தி, அதில் மரையிட்ட எஃகுத் தண்டை இறக்கி இறுக விடும் முறை அது. பசை கான்கிரீட்டை நெருக்குவதில்லை, அதனோடு ஒட்டிக்கொள்கிறது. குறுகிய தூணுக்கு அதுவே பொருத்தமானது.

பசை முறையின் வலிமை முழுவதும் துளையின் தூய்மையில் இருக்கிறது. பன்னிரண்டு மில்லிமீட்டர் தண்டுக்கு 14 மில்லிமீட்டர் துளை. கான்கிரீட்டுக்குள் 110 மில்லிமீட்டர் ஆழம். சுவர்ப் பூச்சின் கனத்தை இந்த ஆழத்தில் சேர்க்கக் கூடாது என்பதால், பூச்சு 20 மில்லிமீட்டர் என்று அளந்து, மொத்தம் 130 துளைத்தார்கள். பிறகு கைப்பம்பால் ஊதி, கம்பித் தூரிகையால் தேய்த்து, மறுபடி ஊதி, மறுபடி தேய்த்தார்கள். தூள் பறப்பது நிற்கும் வரை விடவில்லை. தூள் மிஞ்சினால் பசை கான்கிரீட்டைத் தொடாமல் தூளைப் பற்றிக்கொள்ளும். வெளியே பார்க்கக் கல்லாக இறுகியிருக்கும் தண்டு, இழுத்தால் தன்னைச் சுற்றி இறுகிய பசையோடு வெளியே வரும். பசைக் குழாயின் முதல் சில அழுத்தல்களில் வருவதை அட்டையில் வழித்துத் தள்ளிவிட்டு, இரு கூறுகளும் கலந்து ஒரே நிறமான பிறகே துளையின் அடியிலிருந்து தொடங்கி மூன்றில் இரண்டு பங்கு நிரப்பினார்கள். தண்டைத் திருகித் திருகி இறக்கியபோது வாயில் சிறிது பசை பிதுங்கி வந்தது. உள்ளே வெற்றிடம் இல்லை என்பதற்கு அதுவே அடையாளம்.

ஒரு துளையில் அலகு கம்பியில் இடித்தது. கம்பியை அறுத்துக்கொண்டு போகாமல், தகட்டைச் சற்று மேலே நகர்த்தி வேறு துளை இட்டார்கள். கைவிட்ட துளையைச் சுருங்காத சிமெண்டுக் கலவையால் அடைத்தார்கள். வீட்டைத் தாங்கும் கம்பியை ஒரு பாய்க்காக வெட்டுவது எந்த வகையிலும் நியாயமில்லை. இதை அவர்களுக்கு நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

வெயிலில் சூடான சுவரில் பசை வேகமாக இறுகி வேலை செய்யும் நேரம் குறைந்துவிடும் என்பதால் காலையிலேயே வந்து முடித்தார்கள். பாயை அன்றைக்கே மாட்டாமல், பசை முழுமையாக இறுக விட்டு மறுநாள் வந்து, முறுக்கு அளவு காட்டும் சாவியால் மரைகளை முடுக்கினார்கள். கைக்குத் தோன்றிய அளவுக்கு முடுக்கிவிட்டுப் போகும் வழக்கம் பரவலாக இருக்கும் இடத்தில் அந்தச் சாவியைப் பார்ப்பதே மனநிறைவாக இருந்தது.

தகட்டில் உள்ள வளையம் மூடிய வளையம். திறந்த கொக்கி எங்கும் இல்லை. வளையத்துக்கும் பாயின் மூலைக்கும் இடையே, குறுக்கு முளையால் மூடும் இணைப்பு வளையமான ஷேக்கலும், இறுக்கத்தைக் கூட்டிக் குறைக்கும் டர்ன்பக்கிளும் வருகின்றன. டர்ன்பக்கிளைப் பாதிக்கு மேல் திறந்த நிலையில் மாட்டத் தொடங்கினார்கள். துணி நாளடைவில் நெகிழும்போது முறுக்க இடம் வேண்டும். அதற்காகவே பாயை இடத்தின் அளவுக்கே வெட்டாமல், ஒவ்வொரு மூலையிலும் பக்க நீளத்தில் பத்தில் ஒரு பங்கு அளவுக்கு வெளி விட்டிருக்கிறார்கள். மூலைவிட்டத்தில் எதிரெதிரே உள்ள இரண்டு மூலைகள் உயரத்திலும் மற்ற இரண்டு தாழ்விலும் இருப்பதால் பாய் ஒரு முறுக்கோடு நிற்கிறது, காற்றில் படபடப்பதில்லை. எல்லா மூலையையும் ஒரே மட்டத்தில் கட்டிய பாய்கள் காற்றுக்கு மேலும் கீழும் அடித்துக்கொண்டு, ஒவ்வோர் அடியிலும் பிடியை ஆட்டிப் பார்க்கும். மழையும் வேண்டாம் என்று நீர் புகாத பிவிசி துணி கேட்பவர்கள் இதை இன்னும் கவனிக்க வேண்டும்: நடுவே நான்கு சதுர மீட்டரில் ஐந்து சென்டிமீட்டர் நீர் தேங்கினால் அதுவே 200 கிலோ.

குறைகளுக்கு வருகிறேன். முதலாவது, அவர்களிடம் பிடியை இழுத்துச் சோதிக்கும் கருவி இல்லை. ஆங்கரை நீரழுத்தத்தால் குறிப்பிட்ட எடைக்கு இழுத்துப் பார்க்கும் சிறு கருவிகள் கட்டுமானத் துறையில் வழக்கத்தில் உள்ளவைதான். தொழிலை இவ்வளவு கவனமாகச் செய்பவர்கள் அதில் ஒன்றை வாங்கி வைத்தால், தண்டு எவ்வளவு தாங்கியது என்பதை வாடிக்கையாளர் கண்ணாலேயே பார்க்கலாம். இரண்டாவது, எந்தப் பசை, எவ்வளவு ஆழம், எந்தத் தேதி என்று எழுதித் தருவதில்லை. கேட்டபோது ரசீதின் பின்பக்கத்தில் கையால் எழுதிக் கொடுத்தார்கள். கேட்காதவர்களுக்கு அதுவும் இல்லை. வீட்டை நாளை வேறொருவர் வாங்கினால் அந்தத் தண்டை நம்பலாமா என்று அவர் எப்படி அறிவார்? மூன்றாவது, டர்ன்பக்கிள் காற்றின் அதிர்வில் தானாகத் திரும்பிவிடாமல் இருக்க மெல்லிய கம்பியால் பூட்டிவிட வேண்டும். அதை நான் கேட்டுத்தான் செய்தார்கள். தகட்டைச் சுற்றிப் பூச்சில் ஏற்பட்ட விரிசலுக்கு சிலிகான் அடைப்பு போடாமலே ஏணியை மடக்கிவிட்டதையும் இங்கே சொல்ல வேண்டும். அந்த வழியாக மழைநீர் இறங்கினால் உள்ளே இருக்கும் கம்பி துருப்பிடிக்கும்.

உலோகத்தைப் பற்றி ஒரு சொல். அவர்கள் வழக்கமாகக் கொடுப்பது 304 வகை ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். கடலிலிருந்து உள்ளே தள்ளி இருக்கும் எங்கள் ஊருக்கு அது போதும். லூமுட், பாகான் டத்தோ போன்ற கடலோர ஊர்களில் இருப்பவர்கள் மாலிப்டினம் சேர்ந்த 316 வகையைக் கேட்டு வாங்குவது நல்லது. உப்புக் காற்றை அது கூடுதலாகத் தாங்குகிறது.

வரிசை வீட்டில் இருப்பவர்கள் இன்னொன்றையும் நினைவில் கொள்ள வேண்டும். இரு வீட்டுக்கும் பொதுவான எல்லைச் சுவரில் உள்ள தூண், பாதி பக்கத்து வீட்டாருடையது. அதில் துளைக்குமுன் அவர்களிடம் பேசிச் சம்மதம் வாங்குவதே முறை. கடைக்காரரும் அதை முதலிலேயே கேட்டார். சுங்கை சிப்புட் கோலகங்சார் நகராண்மைக் கழகத்தின் எல்லைக்குள் வருகிறது. கழற்றி மாட்டும் பாய் ஒரு புறமிருக்க, வாசலில் நிரந்தரமாகக் கம்பம் ஊன்றுவதற்கு முன் அங்கே ஒரு முறை விசாரித்துவிடுவது பின்னால் வரும் தொல்லையைத் தவிர்க்கும். முன்வாசல் சாக்கடையின் மீதோ அதன் ஒதுக்கு நிலத்திலோ கம்பம் வரக் கூடாது. தெருவில் மின்கம்பி தாழ்வாகப் போகும் வீடுகளில், அவிழ்ந்த பாய் எட்டும் தூரத்துக்குள் அந்தக் கம்பி இருந்தால் பாய் கட்டும் எண்ணத்தையே விட்டுவிட வேண்டும்.

பாய், இரண்டு சுவர்ப் பிடிகள், கான்கிரீட் அடித்தளத்தோடு இரண்டு கம்பங்கள், கூலி எல்லாம் சேர்த்து 1,350 ரிங்கிட் ஆயிற்று. தோட்டத்தில் வேலை செய்யும் ஒரு குடும்பத்துக்கு இது சிறிய தொகை அல்ல என்பதை அறிவேன். செலவைக் குறைக்க வேண்டுமானால் பாயின் பரப்பைக் குறையுங்கள். பரப்பு பாதியானால் பிடியின் மேல் வரும் விசையும் பாதியாகும். பிடியின் தரத்தைக் குறைத்துப் பாயைப் பெரிதாக்குவதை மட்டும் செய்ய வேண்டாம்.

இடுப்பளவு செங்கல்லும் அதன்மேல் பலகையுமாக நிற்கும் பழைய தோட்ட வீடுகளுக்கு இந்தக் கடை சுவர்ப் பிடி போட்டுத் தருவதில்லை. நான்கு புறமும் கம்பம் நட்டே கட்டித் தருகிறது. செலவு கூடுகிறதே என்று சிலர் குறைபடுகிறார்கள், ஆனால் கடை செய்வதுதான் சரி. அந்த வீடுகளின் பலகையோ, கூரையோரத்து முகப்புப் பலகையோ, தகர இறக்கத்தின் சட்டமோ பக்கவாட்டு இழுப்பைத் தாங்க அமைக்கப்பட்டவை அல்ல. பாய் பிய்த்துக்கொண்டு போனால் கூரையின் ஒரு பகுதியும் சேர்ந்து போகும்.

துணியைப் பற்றிக் கடைக்காரர் சொல்லாத ஒன்றை நான் சேர்க்கிறேன். இந்தப் பின்னல் துணி எச்டிபிஇ எனும் ஞெகிழியால் ஆனது. 130 பாகை செல்சியஸ் அளவில் உருகத் தொடங்கிவிடும். வாசலில் அடுப்புக் கூட்டிப் பொங்கல் வைக்கும் வீடுகளில், முந்திய நாளே நான்கு ஷேக்கல்களையும் கழற்றிப் பாயைச் சுருட்டி வைத்துவிட வேண்டும். அப்படிக் கழற்றும் நேரம் சுவர்த் தகட்டையும் பார்த்துக்கொள்ளத் தோதானது: மரை தளர்ந்திருக்கிறதா, தண்டைச் சுற்றி மயிரிழை விரிசல் ஏதும் ஓடுகிறதா, துருக்கறை வடிந்திருக்கிறதா என்று கவனியுங்கள். விரிசல் கண்டால் பாயைத் திரும்ப மாட்டாமல் கடைக்காரரை அழையுங்கள். முதல் ஓராண்டுக்குள் அழைத்தால் கூலி வாங்குவதில்லை என்று ரசீதிலேயே அச்சிட்டிருக்கிறார்கள்.